வெள்ளச் சமவெளிக் களிமண்: வேதியியலை வைத்து மூலப்பாறையைச் சொல்லிவிடலாமா?

நதிமூலம்:
ஒரே ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இரண்டு குழிகளில் மாதிரி எடுத்தேன். கரையோரக் குழியில் சிலிக்கா மிக அதிகம், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) குறைவு. உள்ளே தள்ளியிருக்கும் தாழ்விடத்தில் நேர்மாறு. இரண்டு வண்டலும் வெவ்வேறு பாறையிலிருந்து வந்தவை என்பது என் முடிவு.

வண்டல்:
அவசரப்படாதீர்கள். கரையோர மண்ணை ஈரப்படுத்தி விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்றால் அது மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. களிமண் கனிமமான கயோலினைட்டில் சிலிக்கா 46.5 சதவீதம், அலுமினா 39.5, மீதி நீர். வெள்ளம் கரை தாண்டியதும் வேகம் குறையும். மணல் அங்கேயே படியும், நுண்களி தேங்கிய நீரில் மெல்லப் படியும். நீங்கள் அளந்தது ஆற்றிலிருந்து உள்ள தூரத்தைத்தான்.

நதிமூலம்:
சரி, ஆனால் பொட்டாசியம்–அலுமினியம் விகிதமும் மாறுகிறதே? குவார்ட்ஸில் இரண்டுமே கிடையாது. அது எவ்வளவு கலந்தாலும் இந்த விகிதம் அசையாது.

வண்டல்:
நல்ல கேள்வி. மணலோடு பெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் வருகிறது. அதில் ஒரு வகையான ஆர்த்தோகிளேசில் பொட்டாசியம் ஆக்சைடு மட்டும் ஏறக்குறைய 17 சதவீதம். நுண்களியில் இல்லைட் என்ற களிக் கனிமம் பொட்டாசியத்தைத் தன் அடுக்குகளுக்கிடையே பிடித்து வைத்திருக்கும், கயோலினைட்டில் அது இல்லை. ஆக, இதுவும் துகள் அளவின் வேலையாக இருக்கலாம். மண்ணை நீரில் கலக்கி நிற்க விடுங்கள். 20 டிகிரி நீரில் 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். அதன்பின் மேல் 10 செ.மீ. நீரை மட்டும் எடுத்து, அதிலுள்ள களியைச் சோதியுங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால் பேசலாம்.

ஈரமண்:
இடையில் ஒன்று. இரும்பை நம்பி எதையும் சொல்லாதீர்கள். தாழ்விடக் கட்டி ஒன்றை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம், பழைய வேர்த்துளைகளைச் சுற்றி மட்டும் துருச் சிவப்பு. நீர் தேங்கும்போது காற்றில்லாமல் இரும்பு கரைந்து நகர்கிறது, காற்று நுழையும் துளையோரத்தில் மறுபடி படிகிறது. ஒரே கட்டிக்குள்ளேயே எண் மாறிவிடும். மாங்கனீசும் அப்படித்தான். கால்சியத்துக்கும் அமிலத்துளி விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் அது பிறகு உருவான சுண்ணாம்புக் கணுவாகவும் இருக்கலாம்.

நதிமூலம்:
இரும்பை விட்டுவிடுகிறேன். ஆனால் நுண்களியில் ஸ்மெக்டைட் என்ற களிக் கனிமம் மிகுந்தால் மூலப்பாறை பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை) என்று சொல்லலாம்தானே?

வண்டல்:
அங்கேயும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மழை அதிகம் பெய்து நீர் நன்றாக வடியும் சரிவில் அதே பசால்ட் கயோலினைட்டாக மாறும். பாறையோடு தட்பவெப்பமும் கணக்கில் சேரும்.

நதிமூலம்:
அப்படியானால் இரண்டு குழியின் நுண்பகுதியிலும் தோரியம், ஸ்காண்டியம் என்ற இரு தனிமங்களின் விகிதம் பார்க்கிறேன். கிரானைட்டில் தோரியம் கூடுதல், பசால்ட்டில் ஸ்காண்டியம். இவை எளிதில் கரைந்து போகாதவை. அதிலும் வேறுபட்டால் என் கட்சிதான்.

வண்டல்:
அந்த எண்ணோடு வாருங்கள், ஒத்துக்கொள்கிறேன்.