ஆயில் இன்ஜின் ஓடி ஓடி நிக்குது, யாராவது சொல்லுங்க

கிணத்துமேடு: அவசரம்ங்க. எங்கப்பாரு காலத்து ஆயில் இன்ஜின், இருபது வருசமா தோட்டத்துச் சாளையில கெடந்தது. துடைச்சு பெயிண்ட் அடிச்சு ஓட்டியாச்சு. ஹேண்டில் போட்டதும் பிடிக்குது, அப்புறம் நின்னுடுது. என்னவா இருக்கும்? மாட்டுப்பொங்கலுக்குத் தண்ணி எறைச்சுக் காட்டறேன்னு ஊர் பூரா சொல்லி வெச்சுட்டேன்.

டீசல்வாசம்: எந்தக் கம்பெனி மாடல், லிஸ்டர் டைப்பா, பெட்டர் (Petter) டைப்பா? எத்தனை நிமிசத்துல நிக்குது? புகை என்ன நிறம்?

ரிங்கு ராசு: பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருச்சு, அமுக்கம் நிக்காது. சிலிண்டர் லைனரோட மாத்திருங்க.

டீசல்வாசம்: ரிங் போன இன்ஜின் பச்சைத்தண்ணி மாதிரி ஆறிக் கெடக்கும்போது ஹேண்டிலுக்குப் பிடிக்குமா ராசு? உங்களுக்கு எல்லாத்துக்கும் ரிங்குதான்.

பழைய ஃபிட்டர்: இன்ஜின் பேரைக்கூடச் சொல்லாம வைத்தியம் கேக்கறாங்க! ஏர் லாக் தம்பி, டீசல் லைன்ல காத்து சிக்கியிருக்கு. முதல்ல ஃபில்டர் ஸ்க்ரூ, அப்புறம் பம்பு, கடைசியா டீசலைப் பீச்சற நாசில் நட்டு. கொமிழி நிக்கற வரைக்கும் டீசலை விடணும். இது தெரியாதவங்க ஸ்பேனரைத் தொடாம இருக்கறது நல்லது.

கிணத்துமேடு: மன்னிக்கணும்ங்க. லிஸ்டர் டைப், ரெண்டு பெரிய ஃப்ளைவீல். தகட்டுல 6 எச்.பி., 650 ஆர்.பி.எம். ஏர் எடுத்தாச்சு, சுத்தும்போது நாசில் கிரீச் கிரீச்னு நல்லாவே கத்துது. பத்து நிமிசம் டுக்கு டுக்குன்னு ஓடி, மூச்சு வாங்கி நிக்குது. மூடியைத் தெறந்து டீசல் ஊத்திச் சுத்தினா மறுபடி ஓடுது.

டீசல்வாசம்: புகை?

சோளக்காடு: இங்கிலாந்து டர்ஸ்லியில செஞ்ச அசலா, அதைப் பாத்து ராஜ்கோட்ல செஞ்ச சரக்கா? எதுவானாலும் மெதுவா ஓடற இன்ஜின். டீசலை விட்டுட்டு புங்க எண்ணெய் ஊத்துங்க. 1900 பாரிஸ் கண்காட்சியிலயே டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில ஓடியிருக்கு.

பழைய ஃபிட்டர்: கண்காட்சியில ஓடும். தோட்டத்துல ஓட்டினா ஒரே மாசத்துல நாசில் முனையில கரி பூத்து நிக்கும்.

சோளக்காடு: சூடானப்புறம் எண்ணெய்க்கு மாத்தி, நிறுத்தறதுக்கு முன்னாடி டீசலுக்கு வந்துட்டா பூக்காது.

ரிங்கு ராசு: பூக்கும். ரிங்கும் ஒட்டிக்கும்.

சோளக்காடு: ஆரம்பிச்சுட்டாரு.

கிணத்துமேடு: அண்ணா, எண்ணெய்ச் சண்டை அப்புறம். ஒண்ணு மட்டும் புரியலை. டேங்க் நிறைய ஊத்தினா பத்தே நிமிசம். பாதி டேங்குன்னா அரை மணி நேரம் ஓடுது.

பழைய ஃபிட்டர்: அது மனப்பிரமை.

மேகலா: பிரமை இல்லீங்க. டேங்க் மூடியில காத்து ஓட்டை இருக்கும், பாருங்க. டீசல் எறங்க எறங்க வெளிக்காத்து உள்ள போகணும். அடைச்சிருந்தா டேங்குக்குள்ள இழுவை வந்து டீசல் எறங்காது. நிறைஞ்ச டேங்குல மேல இடம் கம்மி, அதனால சீக்கிரமே நிக்குது. மூடியைத் தெறக்கும்போது 'உஸ்'ஸுன்னு சத்தம் வருதா? லூசா வெச்சு ஓட்டிப் பாருங்க.

பழைய ஃபிட்டர்: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

சோளக்காடு: எப்போ?

கிணத்துமேடு: (மூணு நாள் கழிச்சு) குளவி மண் பூசி ஓட்டையை அடைச்சிருந்துது. தெரியாம அது மேலயே பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கேன். ஊசியில குத்தினேன், உஸ்ஸுன்னுச்சு. இப்ப ரெண்டு மணி நேரமா ஓடுது, வாய்க்கால்ல தண்ணி. நன்றி மேகலாக்கா. மாடு கழுவப் போறேன்.

டீசல்வாசம்: புகை என்ன நிறம்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.