பதினொரு வயது மகளுக்குக் கோடை விடுமுறைக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் வேண்டும்

புனேயிலிருந்து போன ஜூனில் மதுரைக்கு வந்தோம். என் மகளுக்கு 11 வயது. ஆங்கிலத்தில் 200 பக்க நாவலை இரண்டே நாளில் முடித்துவிடுவாள். தமிழ் படிக்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ போல நீளமான சொல் வந்தால் நின்றுவிடுகிறாள்.

கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு நான்கு முறை போய் வந்தோம். படக்கதைகள் எடுத்தோம், ‘இது குட்டிப் பாப்பாவுக்கு’ என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னதும் சரிதான். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் மூன்றாவது அத்தியாயத்தோடு நின்றது. அப்புறம் ‘துப்பறியும் சாம்பு’. எனக்கு உயிரான புத்தகம், ஆனால் அந்தக் காலப் பேச்சு அவளுக்குப் புரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் பிடித்தது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’. சின்னப் புத்தகம், இன்றைய தமிழ், பள்ளிக்கூடக் கதை. மூன்று நாள் விடாமல் படித்தாள். கடைசிப் பக்கத்தில் அழுதுகொண்டே வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள். ‘இதே மாதிரி வேணும், ஆனா யாரும் சாகக் கூடாது’ என்கிறாள்.

பள்ளி திறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. 100 பக்கத்துக்குள், பெரிய எழுத்தில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளே நாயகர்களாக வரும் இக்காலத் தமிழ்க் கதை, உங்கள் வீட்டுப் பிள்ளை உண்மையிலேயே படித்து முடித்தது, எது?