ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கு பிரிட்டன்காரர்களுக்கே விளங்காமல் போவது ஏன்?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பாளையங்கோட்டை

அன்பர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் 32 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் நான். கற்பித்தது முழுவதும் பிரிட்டன் வழக்கைப் பின்பற்றிய ஆங்கிலமே. சென்ற ஆண்டு மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டில் நானும் என் மனைவியும் நான்கு மாதங்கள் தங்கியிருந்தபோது, பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு விருந்துக்கு எங்களையும் அழைத்தார்கள். அழைப்பில் 'பிரிங் எ பிளேட்' என்று எழுதியிருந்ததால், கூட்டம் அதிகம், தட்டு போதவில்லை போலும் என்று எண்ணி, என் மனைவி தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு இரண்டைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள். அங்கே போன பிறகுதான், எல்லோரும் பகிர்ந்து உண்ண ஏதேனும் ஒரு பலகாரம் செய்து கொண்டுவர வேண்டும் என்பதே அதன் பொருள் என்று தெரிந்தது. இங்கிலாந்திலிருந்து அண்மையில் குடிவந்த ஒரு தம்பதியரும் வெறும் பீங்கான் தட்டுகளோடு வந்து நின்றார்கள்.

என் ஐயம் இதுதான். அந்நாட்டு ஆங்கிலம் பிரிட்டனிலிருந்து போனதுதானே? அப்படியிருக்க, அந்த மொழிக்குச் சொந்தக்காரர்களே அங்கே திகைத்து நிற்பது ஏன்?

மறுமொழி 1: வள்ளியூர்க்காரன்

ஐயா, நான் பிரிஸ்பேனில் படித்த காலத்தில் பகுதிநேரமாக ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தேன். அதை அங்கே 'சர்வோ' என்பார்கள். பிற்பகல் 'ஆர்வோ', மதுக்கடை 'பாட்டிலோ', காலை உணவு 'பிரெக்கி', கொசு 'மாஸி'. சொல்லின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு வாலில் 'ஓ' அல்லது 'ஈ' சேர்ப்பது அவர்கள் வழக்கம். மெக்டொனால்ட்ஸை 'மாக்காஸ்' என்று மக்கள் சொல்லிச் சொல்லிப் பழகியதால், 2013 சனவரியில் அந்நிறுவனமே சில கிளைகளின் பெயர்ப்பலகையை அப்படி மாற்றி வைத்தது. இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆனால் நமக்குத் தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் உண்மையான சிக்கல். நாங்கள் உடைமாற்றும் அறைக் கதவில் 'தாங்ஸ் அணிந்து வேலைக்கு வரக்கூடாது' என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. என்னோடு வேலை பார்த்த இங்கிலாந்துப் பெண் அதைப் படித்துவிட்டு முகம் சிவந்து, மேலாளரிடம் சண்டைக்கே போய்விட்டார். அவர் நாட்டில் அந்தச் சொல் மிகச் சிறிய ஓர் உள்ளாடையைக் குறிக்கும். ஆஸ்திரேலியாவிலோ அது நாம் வீட்டு வாசலில் கழற்றிவிடும் ரப்பர் செருப்புதான். சென்னை நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "குளிச்சிட்டு இந்தச் சாரத்தைக் கட்டிக்கிடுங்க" என்று என் அம்மா சொன்னதும், கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தை நினைத்து அவர் விழித்தது அப்போது என் நினைவுக்கு வந்தது. நமக்குச் சாரம் என்றால் கைலி என்பதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கடைகளில் 'மான்செஸ்டர்' என்று பலகை தொங்கும் பகுதியையும் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் நகரத்தவரே அதன் கீழே நின்று யோசிப்பார்கள். அங்கே விற்பவை படுக்கைவிரிப்பு, தலையணை உறை, துவாலை ஆகியவை. அந்நகரத்து ஆலைகளிலிருந்து ஒரு காலத்தில் கப்பலில் வந்த பருத்தித் துணியால் ஏற்பட்ட பெயர் இது. நம் கோழிக்கோட்டின் பெயரால் 'காலிகோ' துணி வழங்குவதைப் போன்றதே. குடமிளகாய் விஷயத்தில் மட்டும் நாம் தப்பித்தோம்; நம்மைப் போலவே அவர்களும் 'கேப்சிகம்' என்பார்கள், பிரிட்டன்காரர்தான் 'பெப்பர்' என்று கேட்டுத் தடுமாறுவார்.

மறுமொழி 2: தென்காசி, மொழியியல் மாணவி

ஆசிரியர் ஐயா கேட்ட 'ஏன்' என்பதற்கு என் விடை: 1788-இல் சிட்னியில் குடியேற்றம் தொடங்கியபோதும் அதன் பின்னரும் கப்பலேறியவர்கள் பாடநூல் ஆங்கிலத்தைக் கொண்டுபோகவில்லை, தத்தம் வட்டாரத்துப் பேச்சையே கொண்டுபோனார்கள். 'மெய்தான், கலப்பில்லாதது' என்று பொருள்படும் 'ஃபேர் டிங்கம்' ஆஸ்திரேலியாவின் அடையாளமாகவே கருதப்படுகிறது. ஆனால் 'டிங்கம்' என்பது வேலை என்னும் பொருளில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் போன்ற பகுதிகளில் வழங்கிய சொல். பிறந்த மண்ணில் மங்கி, போன மண்ணில் தழைத்த சொற்கள் இவை. ஆகவே பிரிட்டன்காரர் திகைப்பது பல நேரங்களில் தம் பாட்டன் பேச்சைக் கேட்டுத்தான்.

அங்கே முன்பே வழங்கிய 250-க்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகளும் சொற்களைத் தந்தன. கடும் உழைப்பைக் குறிக்கும் 'யாக்கா' பிரிஸ்பேன் பகுதி மொழியிலிருந்தும், காட்டில் தொலைவிலிருப்பவரை அழைக்கும் 'கூயி' சிட்னிப் பகுதியின் தாருக் மொழியிலிருந்தும் வந்தவை. (நம் 'கூவு' என்பதோடு அது ஒத்து ஒலிப்பது தற்செயலே, அதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.) கங்காரு என்றால் 'எனக்குத் தெரியாது' என்று பொருள் என்னும் கதையையும் தயவுசெய்து பரப்பாதீர்கள். 1770-இல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் பழுதுபார்க்க நின்ற இடத்தில் பேசப்பட்ட கூகு யிமிதிர் மொழியில் 'கங்குரு' என்பது ஒருவகைக் கங்காருவின் பெயரே என்பதை 1970-களில் மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் உறுதிப்படுத்தினார்.

மறுமொழி 3: அம்பாசமுத்திரம், செவிலியர்

நான் லண்டனில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அடிலெய்டுக்கு வந்தவள். ஆகவே இந்தத் திகைப்பு எனக்கு நேரடியாகவே தெரியும். 'ஹவ் யா கோயிங்' என்று கேட்டால், "பஸ்ஸில் போகிறேன்" என்று விடை சொல்லக்கூடாது. நம் தெருவில் பையோடு போகிறவரிடம் "என்ன அண்ணாச்சி, கடைக்கா?" என்று கேட்கிறோமே, அதைப் போன்ற நலவிசாரிப்பு அது. 'யா, நா' என்று சேர்ந்து வந்தால் இரண்டாவது சொல்லையே விடையாகக் கொள்ள வேண்டும். நன்றி சொன்னாலும் மன்னிப்புக் கேட்டாலும் 'நோ வொரிஸ்' என்பார்கள். நமக்குப் 'பரவாயில்லை' இருப்பதால் இது எளிதாகவே பிடிபட்டது.

எங்கள் பணியில் ஒரு சொல்லை மட்டும் அறியாமல் இருக்க முடியாது. பிரிட்டனில் 'க்ரூக்' என்றால் ஏமாற்றுக்காரன். இங்கே உடம்புக்கு முடியவில்லை என்று பொருள். நான் சேர்ந்த முதல் மாதத்தில், நாட்டுப்புறத்திலிருந்து வந்த ஒரு முதிய விவசாயி கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, 'எ பிட் க்ரூக்' என்றார். கொஞ்சம் முடியவில்லை என்கிறார், அவ்வளவுதானே என்று நான் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். உடனிருந்த மூத்த செவிலியர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்துவிட்டு நாடியைப் பார்க்கச் சொன்னார். தொட்ட கை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. மாரடைப்பு என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். இந்த ஊர்ப் பெரியவர்கள் வலியைக் குறைத்தே சொல்வார்கள் என்பதால், அந்தக் 'கொஞ்சம்' காதில் விழுந்தால் இன்றும் முதலில் நாடியைத்தான் பிடிக்கிறேன்.