1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைக்குமா?

தேரிக்காட்டான்:
அப்பாவின் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர், அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். அது 1930-க்கு முன்னா பின்னா என்பதில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. லண்டனில் இருக்கும் நண்பன், தன் மனைவியின் பாட்டனார் 1921-இல் கைப்பட நிரப்பிய கணக்கெடுப்புத் தாளையே இணையத்தில் காசு கட்டி எடுத்திருக்கிறான். நம் ஊர்த் தாள்களும் அப்படிக் கிடைக்குமா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாமா? குடும்பம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை).

பழைய ஏடு:
கிடைக்காது, அதற்காக எழும்பூர் வரை அலைய வேண்டாம். இங்கே கணக்கெடுத்த தாள்களைக் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டபின் அழித்துவிட்டார்கள், அச்சில் மிஞ்சியது எண்ணிக்கைதான். எந்தத் தாலுகாவில் எத்தனை பேர், என்ன தொழில், என்ன சாதி என்றெல்லாம் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி அதற்குப் பிந்தைய தாள்களையும் யாருக்கும் காட்டமாட்டார்கள். இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்துத் திறக்கிறார்கள், 1921 தாள்கள் 2022 ஜனவரியில் வெளியானது அப்படித்தான். ஆனால் அவர்களுடைய 1931 தாள்களும் 1942-இல் தீயில் போய்விட்டன, அது வேறு கதை.

உங்களுக்கு வழி சர்ச் பதிவேடு. ஒன்றைக் கவனியுங்கள், சி.எஸ்.ஐ. உருவானதே 1947-இல். 1930 வாக்கில் உங்கள் குடும்பம் எந்த மிஷனில் இருந்தது? எஸ்.பி.ஜி.யா, சி.எம்.எஸ்.ஸா (இரண்டும் திருநெல்வேலிப் பக்கம் வேலை செய்த ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள்)? அது தெரிந்தால்தான் எந்தச் சபையின் பீரோவைத் திறக்கச் சொல்வது என்று தெரியும்.

மணிமுத்தாறு:
நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கல்லைத் தேடாதீர்கள். கூலிக்காரர்களுக்குக் கல் வைத்தது குறைவு, மரச்சிலுவை நட்டிருந்தால் எப்போதோ மக்கியிருக்கும், பல ஊர்களில் அதே குழியில் பிறகு வேறொருவரை அடக்கம் செய்வதும் உண்டு. முதலில் அடக்கப் பதிவேடு. அதில் பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், தொழில், சில சமயம் இறந்த காரணமும் இருக்கும். வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், 40, 50 என்று குத்துமதிப்பாகப் போட்டதுதான் அதிகம்.

அது கிடைக்காவிட்டாலும் அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு இரண்டையும் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் பெயர், தொழில், குடியிருந்த இடம் வரும். மகளின் கல்யாணப் பதிவில் தகப்பன் காலமானவர் என்று குறித்திருந்தால் அத்தை, சித்தப்பா சண்டையே பாதி தீர்ந்துவிடும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் ரெண்டு மூணு பேர் வருவார்கள், அதனால் மனைவி பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

கடல்தாண்டி:
அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும்தான், இந்தியக் கிறிஸ்தவர்கள் நடுநடுவே வருவார்கள். ரொம்ப எதிர்பார்க்காமல் ஒரு தடவை தேடிப் பாருங்கள். இந்த மாதிரிப் பழைய குடும்பப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளம் இலவசம். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும், எழுதிய பாதிரியார் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் இருக்கும்.

தேரிக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. எஸ்.பி.ஜி. சபைதான் என்று அத்தை அடித்துச் சொல்கிறார். ஊரில் கொஞ்சம் நிலம் இருந்து விற்றதாகவும் சொல்கிறார், அது ஏதாவது உதவுமா?

பழைய ஏடு:
நன்றாகவே உதவும். வாங்கியவர்கள் வீட்டில் மூலப்பத்திரம் இருந்தால் "இன்னார் குமாரர் இன்னார்" என்று தகப்பன் பெயரோடு எழுதியிருக்கும், ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். அவர் பெயரில் இருந்த நிலத்தை வாரிசுகள் விற்றிருந்தால் அந்தப் பத்திரத்தின் தேதிக்கு முன்பே அவர் இறந்திருக்கிறார். இணையத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அவ்வளவு பழசு வராது, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்லுங்கள்.