டாக்ஸிசைக்ளின் போட்ட மூன்றாம் நாள் அம்மாவுக்கு விழுங்கினாலே நெஞ்சு எரிகிறது: நிறுத்தலாமா?

புல்லுக்கட்டு | திங்கள் காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் மலையடிவாரம். அம்மாவுக்கு வயது 58. பத்து நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. ஊரில் இரண்டு ஊசி போட்டார்கள், நாலு நாள் அமாக்சிசிலின் கொடுத்தார்கள். காய்ச்சல் அசையவே இல்லை.

வெள்ளிக்கிழமை டவுனில் வேறு டாக்டரிடம் போனோம். அவர் நர்ஸோடு அம்மாவை உள்ளே அனுப்பி, உடம்பு முழுக்க ஏதாவது புண் இருக்கிறதா என்று தேடச் சொன்னார். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை, அதனால் அம்மாவுக்கே தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையிலும் ஸ்க்ரப் டைபஸ் என்று வந்தது, உண்ணிக் காய்ச்சல் என்கிறார்களே அதுதான். மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் கடித்திருக்கும் என்றார்.

டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. கேப்சூல், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாளைக்கு 14. இதுவரை ஐந்து போட்டாயிற்று. 103 இருந்த காய்ச்சல் 100-க்கு வந்திருக்கிறது, ஆனால் முழுசாக விடவில்லை. இன்று விடியற்காலை எழுந்ததிலிருந்து எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சுக்குழிக்கு மேலே முள் குத்துகிற மாதிரி இருக்கிறதாம். காபி இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நிறுத்தி விடலாமா? கேப்சூலைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா? தம்பியின் பல்வலிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மூன்று மீதி இருக்கிறது, அதைக் கொடு என்கிறார் சித்தி. டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார். எட்டு மணிக்கு அடுத்த கேப்சூல் போட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் | காலை 7.05

இருங்கம்மா. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். எச்சில், தண்ணீர் உள்ளே இறங்குகிறதா, இல்லை அடைத்துக்கொள்கிறதா? வாந்தியில் ரத்தமோ, மலம் கறுப்பாகவோ போகிறதா? மூச்சு வாங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பத்து மணி வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

இல்லையென்றால், நேற்று இரவுக் கேப்சூலை அம்மா எப்படிப் போட்டார் என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர், அப்புறம் என்ன செய்தார்? வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அந்த மூன்று மாத்திரையின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

புல்லுக்கட்டு | காலை 7.20

ஐயா, தண்ணீர் இறங்குகிறது, வலிதான். ரத்தம், கறுப்பு எதுவும் இல்லை. மூச்சு நன்றாக இருக்கிறது.

நேற்று அம்மா சாப்பிட்டு அசந்து தூங்கிவிட்டார். பதினோரு மணிக்கு நான்தான் எழுப்பிக் கொடுத்தேன். பாதித் தூக்கத்தில் ஒரு வாய் தண்ணீர்தான் குடித்தார், அப்படியே படுத்துவிட்டார்.

காலையில் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்குக் கால்சியம். டாக்ஸி கேப்சூலையும் அதோடு சேர்த்துப் பால் காபியில் போட்டுக்கொள்கிறார். மாத்திரை நெஞ்சைக் கரிக்கிறது என்று சனிக்கிழமையிலிருந்து கேஸ் சிரப்பும் இரண்டு மூடி.

மீதி இருப்பது அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்தது. பார்த்தால் தேதி இரண்டு மாதம் முன்னாலேயே முடிந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் | காலை 7.45

நீங்கள் சொன்னதிலேயே இரண்டு பிரச்சினைக்கும் காரணம் இருக்கிறது அம்மா.

முதலில் எரிச்சல். டாக்ஸிசைக்ளின் கேப்சூலுக்குள் இருக்கிற தூள் ஈரம் பட்டால் நல்ல அமிலம். ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுப் படுத்தால் அது வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயின் நடுவிலேயே ஒட்டிக்கொள்ளும். ஜெலட்டின் ஓடு கரைந்து, அந்த ஒரே இடத்தில் தூள் முழுவதும் கொட்டிப் புண்ணாக்கும். காலையில் முள் குத்துகிற மாதிரி இருப்பது பெரும்பாலும் இதுதான். நான் கவுன்டரில் இருந்த காலத்தில் இப்படி வந்தவர்களை விசாரித்தால் 'படுக்கப் போகும்போது போட்டேன்' என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். உங்கள் மேல் தப்பில்லை, மருந்து கொடுக்கிற இடத்தில் இதை வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். கேப்சூலைப் பிரித்துக் கொடுத்தால் அதே அமிலம் வாயிலும் தொண்டையிலும் படும். தேனில் குழைத்தாலும் அப்படித்தான், வேண்டாம்.

இரண்டாவது, காய்ச்சல் பாதியில் நிற்பது. இரும்பும் கால்சியமும், கேஸ் சிரப்பில் இருக்கிற அலுமினியமும் மெக்னீசியமும் டாக்ஸிசைக்ளினைக் குடலிலேயே கட்டிப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியே போய்விடும். பாலும் கொஞ்சம் குறைக்கும், ஐந்தில் ஒரு பங்கு போல. ஆனால் பாலைவிட இந்த மாத்திரைகளும் சிரப்பும்தான் பெரிய திருடர்கள். அம்மா ஐந்து கேப்சூல் விழுங்கியிருக்கிறார், ஐந்தும் முழுசாக உடம்பில் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கால்சியத்தை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போட்டால் சமாளிக்கலாம். இரும்பு அப்படியில்லை. ரத்தத்துக்குப் போன டாக்ஸி மறுபடி குடலுக்குள் சுரந்து வரும், அப்போதும் இரும்பு அதைப் பிடிக்கும். ஒரு வாரம் இரும்பை நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பல்வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம். தேதி முடிந்ததை விடுங்கள், புதுசாக இருந்தாலும் பயனில்லை. ஸ்க்ரப் டைபஸ் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். பென்சிலின் வகை மருந்து எதுவும் அதை ஒன்றும் செய்யாது. ஊரில் கொடுத்த அமாக்சிசிலினுக்குக் காய்ச்சல் அசையாததும் அதனால்தான். 'ஆன்டிபயாடிக்' என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பூட்டுக்கான சாவி. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதும் டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்குத்தான்.

எட்டு மணிக் கேப்சூலை இப்போது போட வேண்டாம், புண்ணின் மேலேயே மறுபடி விழும். ஆனால் நிறுத்தியும் விடாதீர்கள். இந்தக் காய்ச்சலை மருந்தில்லாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று இறங்கும். டாக்டருக்கு இப்போதே போன் போட்டு, 'விழுங்க முடியவில்லை, ஒரு வேளை தள்ளியிருக்கிறது' என்று சொல்லுங்கள். பத்து மணிக்கு நீங்கள்தான் முதல் ஆளாக நிற்க வேண்டும். எல்லா அட்டையையும், சிரப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இரவுப்பணி செவிலி | காலை 8.10

ஐயா சொன்னது அத்தனையும் சரி. தங்கச்சி, காய்ச்சல் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸி ஒழுங்காக உள்ளே போனால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். விடவில்லை என்றால் மருந்து சேரவில்லை, அல்லது கூடவே வேறு ஏதோ இருக்கிறது. வெள்ளி இரவு ஆரம்பித்தீர்கள், இன்று திங்கள். அதனால் 100 தானே என்று விடாதீர்கள், இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வண்டியில் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்: பேச்சு குழறுகிறதா, ஆளைத் தெரியவில்லையா, மூச்சு இரைக்கிறதா, காலையிலிருந்து சிறுநீர் போனாரா, கண் மஞ்சளாக இருக்கிறதா.

இன்னொன்று. டாக்ஸியும் அசித்ரோமைசின் என்கிற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் வந்தது, அதில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அது நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் நாமாக இரண்டையும் சேர்த்துப் போடுவதற்கு அல்ல.

தக்காளித்தோட்டம் | காலை 9.00

அக்கா, அம்மாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும். எனக்குத் தோலில் ஒரு பிரச்சினைக்கு இதே மாத்திரை கொடுத்தார்கள். மதிய வெயிலில் தக்காளி பறித்தேன். சாயங்காலம் இரண்டு கையும் வெந்நீர் ஊற்றிய மாதிரி சிவந்துபோனது, வாட்ச் கட்டின இடம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது. இந்த மருந்து போடுகிறபோது வெயில் அதிகம் தாக்கும் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். மருந்து முடியும் வரை அம்மாவைப் புல்லுக்கு அனுப்பாதீர்கள்.

குணமான பிறகு போனாலும் முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளட்டும். வந்ததும் குளித்து, துணியை வெந்நீரில் அலசுங்கள். துவைத்த துணியைப் புதர் மேல் காயப்போடும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, அதையும் நிறுத்தினோம். கடிக்கிற பூச்சி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, அந்தப் புதரில்தான் இருக்கும்.

மூத்தமகள் | காலை 9.30

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பம், மூன்று நாளாகக் காய்ச்சல். எங்கள் தெருவில் ஒருவருக்கு இதே நோய், அவரிடம் டாக்ஸி மீதி இருக்கிறது. கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் | காலை 9.35

வேண்டாம் அம்மா. கர்ப்பிணிக்கு இந்த நோய் என்று உறுதியானால் பொதுவாக அசித்ரோமைசின்தான் கொடுப்பார்கள், அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் மூன்று நாள் காய்ச்சல் என்பதே தாமதம். இன்றே பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள், தெருவில் இந்த நோய் இருப்பதையும் சொல்லுங்கள்.

புல்லுக்கட்டு | திங்கள் மாலை 4.15

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். டாக்டர் அட்டைகளை மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தார். ஐயா சொன்னதையே சொன்னார். டாக்ஸியை நிறுத்திவிட்டு அசித்ரோமைசின் 500 மி.கி., தினம் ஒன்று, ஐந்து நாள். அந்த மருந்து சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும் என்று முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். புண்ணுக்குக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல், கூடவே சுக்ரால்ஃபேட் சிரப். இரும்பு, கால்சியம் இரண்டும் அவர் சொல்லும் வரை வேண்டாம். ஒரு வாரத்தில் விழுங்கும் வலி போகாவிட்டால் எண்டோஸ்கோப்பி. சிறுநீரக, கல்லீரல் பரிசோதனை சரியாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் | மாலை 4.40

நல்லதம்மா. சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம் உண்டு. டாக்ஸியோடு அது சேர்ந்திருந்தால் மறுபடி அதே கட்டிப்போடும் வேலைதான் நடந்திருக்கும். அசித்ரோமைசினுக்கும் சிரப்புக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எந்த மாத்திரையானாலும் நேராக உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரட்டையாகப் போடாதீர்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம் வந்தாலோ, நாலைந்து தடவைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ உடனே காட்டுங்கள்.

புல்லுக்கட்டு | வியாழன் இரவு 8.30

செவ்வாய் இரவோடு காய்ச்சல் விட்டது. நேற்றும் இன்றும் 98.4 தாண்டவில்லை. ரசம் சாதம் இறங்குகிறது, இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டார். சூடாக எது குடித்தாலும் இன்னும் லேசாக வலி இருக்கிறது. காய்ச்சல்தான் போய்விட்டதே, இனி மாத்திரை எதற்கு என்று அம்மா கேட்டார். ஐந்து நாளும் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லி, காலண்டரில் ஒவ்வொரு வேளையும் பென்சிலால் கோடு போடுகிறேன். மாத்திரை போட்டதும் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, கூடவே நானும் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன்.

ஐயா, கடைசியாக ஒன்று. டாக்ஸி ஒன்பது கேப்சூல் மீதி இருக்கிறது. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் | வியாழன் இரவு 9.00

வைத்திருக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். டாக்ஸி சேர்ந்த டெட்ராசைக்ளின் வகை மருந்து பழசாகிக் கெட்டுப்போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்ததாகப் பழைய மருத்துவப் பதிவுகளே இருக்கின்றன. வாங்கின கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையோடு கலந்து ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம்.

புல்லுக்கட்டு | வெள்ளி காலை 10.20

கடைக்காரர் வாங்கிக்கொண்டார் ஐயா. சித்தி வீட்டு மாத்திரை டப்பாவையும் திறந்து பார்த்தேன். பல்வலி மாத்திரை மூன்றோடு பெயரே அழிந்துபோன இரண்டு அட்டையும் இருந்தன. சித்தியைக் கூட்டிப் போய் அவற்றையும் கொடுத்துவிட்டு வந்தேன்.