ஒரே காடு, ரெண்டு விதை மல்லாட்டை (வேர்க்கடலை), எண்ணெய் மட்டும் ஏன் வேற வேற?

பேர்ணாம்பட்டு செக்கு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க மரச்செக்கு ஓட்டறோம், மல்லாட்டை பாதி நம்ம ஊர் காட்டுலேர்ந்து வருது, பாதி வி.கோட்டா பலமநேர் பக்கத்துலேர்ந்து மலை இறங்கி வருது. இந்த வருஷம் ஒரு விவசாயி ஒரே காட்டுல ஒரு பக்கம் கதிரி 6 ரகம், இன்னொரு பக்கம் யாரோ குடுத்த பேர் தெரியாத விதை போட்டிருந்தாரு. ஒரே மழை, ஒரே உரம், ஒரே மாதிரி காயவச்ச பருப்பு, எடையும் ஒண்ணு. எண்ணெய் நல்லாவே வித்தியாசம், ரெண்டாவதுல புண்ணாக்கு தான் ஜாஸ்தி. அவரு எங்க மேல சந்தேகப்படறாரு, எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. இது விதையிலயே இருக்கற குணமா? அப்படின்னா எண்ணெய் ஜாஸ்தி புடிக்கற மாதிரி ஜீனை மாத்தி விதை குடுத்துட மாட்டாங்களா?

விதைக்காரி குப்பம்:
அண்ணா, விதையும் காரணம், நிலமும் காரணம். ஆனா காடும் மழையும் ஒண்ணுன்னு சொல்றீங்க, அப்ப இங்க விதை மேல தான் என் சந்தேகம். இலையில உண்டாகற சர்க்கரை விழுது வழியா காய்க்குள்ள இறங்குது, அதுல எவ்ளோ மாவாகணும், எவ்ளோ எண்ணெயாகணும்னு வளர்ற பருப்புக்குள்ள இருக்கற ஜீன்ங்க தான் முடிவு பண்ணுது. அதுல முக்கியமானது டபிள்யூஆர்ஐ1, வாய்க்கால்ல மடை திறந்து விடற மாதிரி சர்க்கரையை கொழுப்பு அமிலம் பக்கம் திருப்பி விடற ஜீன். கடுகு குடும்பத்துல அராபிடாப்சிஸ்னு ஒரு சின்ன செடி, அதுல இந்த ஜீன் கெட்டுப்போனா விதையில எண்ணெய் 80 சதவீதம் குறையுதுன்னு 1998-லயே பாத்துட்டாங்க. இதுக்கு மேல உக்காந்து எப்ப ஆரம்பிக்கணும்னு சொல்றது எல்ஈசி1, எல்ஈசி2, எஃப்யூஎஸ்3ங்கற ஜீன்ங்க. மூணு கொழுப்பு அமிலம் சேந்தா தான் எண்ணெய், கடைசியில அந்த மூணாவதை ஒட்டவச்சு முடிக்கறது டிஜிஏடி1ங்கற ஜீன். மக்காச்சோளத்துல இந்த கடைசி ஜீனோட புரதத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் கூட இருக்கறதாலயே எண்ணெய் ஏறுதுன்னு 2008-ல கண்டுபுடிச்சாங்க, எனக்கு ரொம்ப புடிச்ச ஆராய்ச்சி அது.

கதிரி ரோடு பெரியவர்:
பாப்பா சொல்றது சரி தான். ஆனா தம்பி, காய் புடிக்கறப்ப காடு காஞ்சா எந்த விதையும் ஒண்ணும் பண்ணாது. 45-ம் நாள் பக்கம் ஜிப்சம் போட்டு மண்ணு அணைக்கலைன்னா பொக்கு தான் மிஞ்சும். முத்தாத காயை அவசரமா புடுங்கினாலும் பருப்பு சுருங்கிடும், எண்ணெய் ஏறியிருக்காது. அந்த ரெண்டாவது விதை நாள் ஜாஸ்தி ஆவற ரகமா இருந்து, ரெண்டையும் ஒரே நாள்ல புடுங்கிட்டாங்களான்னு அவரை கேளு, இன்னா சொல்றாருன்னு பாரு.

பேர்ணாம்பட்டு செக்கு:
ஆமா ஐயா, ஒரே நாள்ல தான் புடுங்கினாராம், இப்ப தான் போன்ல கேட்டேன். அப்ப ஜீனை மாத்தி எண்ணெய் ஏத்தறது? அப்புறம் இந்த ஹை ஓலிக் ஹை ஓலிக்னு கஸ்டமருங்க கேக்கறாங்களே, அதுவும் இதே ஜீன் தானா?

விதைக்காரி குப்பம்:
பெரியவர் கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி, பாதி விடை அங்கயே இருக்கலாம். ஜீன் விஷயம் என்னன்னா, எண்ணெய் அளவு ஒரு ஜீன் கையில இல்ல, நிறைய ஜீன் கொஞ்சம் கொஞ்சமா சேந்து தான் முடிவாகுது. அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல 1896-லேர்ந்து மக்காச்சோளத்துல எண்ணெய் ஜாஸ்தியா இருக்கறதையே பொறுக்கி பொறுக்கி விதைச்சாங்க, 5 சதவீதம் கூட இல்லாதது 100 தலைமுறை தாண்டி 20 பக்கம் வந்துச்சு. ஆனா மணி சின்னதாச்சு, மாவு குறைஞ்சுது, விளைச்சலும் போச்சு. விவசாயிக்கு ஏக்கருக்கு எவ்ளோ எண்ணெய்ங்கறது தான் கணக்கு, சதவீதம் மட்டும் ஏறி என்ன பிரயோஜனம்.

ஹை ஓலிக் தனி விஷயம். அது எண்ணெயோட அளவு இல்ல, தன்மை. ஓலிக், லினோலிக் ரெண்டும் எண்ணெய்ல இருக்கற கொழுப்பு அமிலங்க, எஃப்ஏடி2ங்கற ஜீன் ஓலிக்கை லினோலிக்கா மாத்தும், அது வேலை செய்யலைன்னா ஓலிக் அப்படியே தங்கிடும். மல்லாட்டையில ரெண்டு மூதாதை செடியோட ஜீன் தொகுதி சேந்து இருக்கறதால இந்த ஜீனும் ரெண்டு இடத்துல இருக்கு, ரெண்டுமே கெட்டா தான் பலன். 2020-ல நம்ம நாட்டுல வந்த கிர்னார் 4, கிர்னார் 5 அப்படிப்பட்டது தான், ஓலிக் 80 சதவீதம் பக்கம், சாதா ரகத்துல ஏறக்குறைய பாதி தான். சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, செக்கு எண்ணெய்க்கு இது பெரிய விஷயம்ணா.

இப்போதைக்கு ரெண்டு விதை பருப்பையும் கலக்காம தனித்தனியா கால் கிலோ எடுத்து வைங்க, வேளாண் கல்லூரி லேப்ல எண்ணெய் சதவீதம் பாத்து குடுப்பாங்களான்னு கேளுங்க. அந்த விவசாயியையும் கூட்டிட்டே போங்க.