ஷிஃப்ட் வேலையோடு எம்பிஏ: ஆன்லைனா, இக்னோவா, மாலைக் கல்லூரியா?

ஒரகடம்_பி_ஷிஃப்ட் எழுதியது:

வணக்கம். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. பி.இ. மெக்கானிக்கல், அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி, சிஜிபிஏ 6.4, அரியர் பாக்கி இல்லை. மூன்று ஷிஃப்ட், வாரா வாரம் மாறும். பட்ஜெட் ஒன்றரை லட்சத்துக்குள். ஜூலை அமர்வில் சேர நினைக்கிறேன். தெரிய வேண்டியவை:

1. ஆன்லைன் எம்பிஏ, இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலையின் தொலைநிலைப் படிப்பு), மாலை நேரக் கல்லூரி. இதில் எனக்கு எது ஒத்துவரும்?
2. டெப் ஐடி என்று கேட்கிறார்கள். அது என்ன, எப்படி எடுப்பது?
3. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், மார்க்‌ஷீட்டில் முன்னால். சிக்கல் வருமா?
4. ஒரு கவுன்சலர் தினமும் போன் செய்கிறார். "சர்டிபிகேட்டில் ஆன்லைன் என்று வராது, இன்றைக்கே பத்தாயிரம் கட்டினால் ஸ்காலர்ஷிப்" என்கிறார். நம்பலாமா?

---

தாம்பரம்_தபால் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

மாலைக் கல்லூரியை நீங்கள் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பாடம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வருகைப் பதிவு கட்டாயம். சென்னை நுங்கம்பாக்கம் லிபா (லயோலாவின் மேலாண்மைக் கல்லூரி), கோவை பிஎஸ்ஜி போன்ற இடங்களின் பகுதி நேரப் படிப்புகள் பகல் வேலைக்காரர்களை மனதில் வைத்து அமைத்தவை. வாரா வாரம் ஷிஃப்ட் மாறினால் பாதி வகுப்பு போய்விடும். ஒரகடத்திலிருந்து மாலையில் நுங்கம்பாக்கம் போய்ச் சேர்வது தனிப் படிப்பு. கம்பெனி உங்களை நிரந்தரமாக ஜெனரல் ஷிஃப்டில் போட எழுத்தில் சம்மதித்தால் மட்டும் யோசியுங்கள்.

அடுத்து, கையில் கிடைக்கப்போவது பட்டமா, டிப்ளமாவா, வெறும் சான்றிதழா என்று பாருங்கள். எம்பிஏ என்பது பல்கலைக்கழகம் தரும் பட்டம். தனி நிறுவனங்கள் தரும் பிஜிடிஎம் டிப்ளமா. ஐஐஎம்கள் 2017 சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் தரும் அதிகாரம் பெற்றன. அதனால் ஐஐஎம் பெயர் போட்டு ஆறு மாதம், பதினொரு மாதம் என்று வரும் "எக்ஸிக்யூட்டிவ் புரோகிராம்" எல்லாம் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை சான்றிதழ் மட்டுமே. கற்றுக்கொள்ள உதவும். முதுகலைப் பட்டம் கேட்கும் இடத்தில் நீட்ட முடியாது.

மீதம் இருப்பது ஆன்லைனும் தொலைநிலையும். இரண்டுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிமுறைகள்தான் அடிப்படை. அங்கீகாரம் இருந்தால் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணை. ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: தொலைநிலைப் படிப்பை மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்குள்தான் நடத்த முடியும். ஆன்லைன் படிப்புக்கு அந்த எல்லை கிடையாது. ஆகவே வடநாட்டு மாநிலப் பல்கலைக்கழகத்தின் "தொலைநிலை எம்பிஏ, சென்டர் தாம்பரத்தில்" என்று போர்டு பார்த்தால் உள்ளேயே போகாதீர்கள்.

உங்கள் பட்ஜெட்டுக்கு இக்னோ வசதியாக அடங்கும். நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 45 இருந்தால் போதும், உங்கள் 6.4 தாண்டிவிடும். குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டு. இந்த இரண்டு ஆண்டு தாராளம்தான் ஷிஃப்ட்காரருக்கு உண்மையான லாபம். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் எம்பிஏவில் வீடியோ, போர்ட்டல், உதவி எல்லாம் மெருகாக இருக்கும். கட்டணம் உங்கள் வரம்பைத் தொடும், சில இடங்களில் தாண்டும்.

நிர்வாகப் பக்கம் மாறும்போது பதவி உயர்வுக்கு "எம்பிஏ" என்ற வரி வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இக்னோ. கேம்பஸ் வேலைவாய்ப்பு, நட்பு வட்டம் எதிர்பார்த்தால் இந்த விலையில் இரண்டிலும் பெரிதாகக் கிடைக்காது.

---

சான்றிதழ்_சங்கர் எழுதியது:

2, 3 இரண்டும் ஒரே முடிச்சு. விண்ணப்பம் திரும்பி வருவது மதிப்பெண்ணால் அல்ல, பெரும்பாலும் பெயரால்.

டெப் என்பது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு. 2024 ஜூலை-ஆகஸ்ட் அமர்விலிருந்து தொலைநிலை, ஆன்லைன் இரண்டில் எதில் சேர்ந்தாலும் இந்திய மாணவருக்கு டெப் ஐடி கட்டாயம். அது கிடைக்க முதலில் ஏபிசி ஐடி வேண்டும். அதாவது படித்துப் பெற்ற கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்), 12 இலக்க எண். ஏபிசி ஐடியை டிஜிலாக்கர் வழியாக எடுக்கிறோம். டிஜிலாக்கர் ஆதாரோடு பேசும். ஆக, சங்கிலியின் முதல் கண்ணி ஆதார்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிம் போயிருந்தால் ஓடிபி வராது, எல்லாம் அங்கேயே நிற்கும். மொபைல் எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம். பிறகு டிஜிலாக்கரில் ஏபிசி ஐடி. அதை வைத்து டெப் தளத்தில் மாணவர் பதிவு, டெப் ஐடி. கடைசியில்தான் பல்கலைக்கழக விண்ணப்பம். தலைகீழாகப் போய் முதலில் பணம் கட்டுகிறவர்கள்தான் கடைசி நாளில் அல்லாடுகிறார்கள்.

பெயர் விஷயம். "கு" முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் நம் ஊரில் ஒன்றே, கம்ப்யூட்டருக்கு வேறு. இனிஷியல் இடம் மாறியது மட்டும் என்றால் பல இடங்களில் நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தோடு ஏற்றுக்கொள்வார்கள். சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் "பிரச்சினை இல்லை சார்" என்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்தோ எழுத்து வேறாகவோ இருந்தால் திருத்திவிடுவதே மேல். எதைத் திருத்துவது? எப்போதும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்தக் கிளம்பினால் இந்த ஜூலை போய்விடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், எனவே பாஸ்போர்ட், பான் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே முறையில் முடியுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது: ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் (இல்லையென்றால் புரொவிஷனல்), பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது. இக்னோ தளம் போட்டோவையும் கையெழுத்தையும் 100 கேபிக்குள், சான்றிதழ்களை 200 கேபிக்குள் கேட்கும். போனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும், அதை நசுக்கினால் பதிவு எண் படிக்க முடியாமல் போகும், திருப்பி அனுப்புவார்கள். கறுப்பு வெள்ளையில் 150 டிபிஐ ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் வரம்புக்குள் வந்துவிடும். பட்டியலில் சிஜிபிஏ மட்டும் இருந்தால், சதவீதமாக மாற்றும் சூத்திரம் அச்சான பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

ஒரு துணைக்குறிப்பு, உங்களுக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்கு: பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள் எம்பிஏ சேர்வதற்கு முன் தகுதி விதியைத் தனியாகப் படியுங்கள். சேர்க்கை கிடைத்தாலும் அரசு வேலையில் அப்படிப் பெற்ற பட்டம் செல்லாமல் போகலாம்.

---

மாம்பலம்_மணி எழுதியது:

4வது கேள்விக்கு நான் சொல்றேன். நம்பாதீங்க.

சர்டிபிகேட்ல வராதுங்கறது பொய். 2020 விதிப்படி பட்டம், மார்க்‌ஷீட் ரெண்டுலயும் பின்பக்கத்துல எந்த முறையில படிச்சது, சேர்ந்த தேதி, முடிச்ச தேதி எல்லாம் போட்டாகணும். அது இருந்தா தப்பும் இல்ல, இணையான பட்டம்தானே. அதை மறைக்கிறேன்னு சொல்றவர் வேற எதையெல்லாம் மறைப்பார்னு யோசிங்க.

இந்தத் தனியார் செயலிக் கம்பெனிங்க பல்கலைக்கழகத்துக்குத் தொழில்நுட்ப உதவி பண்ணலாம். ஃபிரான்சைஸ் எடுத்து நடத்தக் கூடாதுன்னு யுஜிசி 2022லயே அறிவிப்பு விட்டிருக்கு. 2024ல "பத்து நாள் எம்பிஏ"ன்னு விளம்பரம் பண்ணினதுக்கும் தனியா எச்சரிக்கை வந்துச்சு. ஒரே வருஷத்துல முடிச்சுத் தரேன், போன வருஷத் தேதியில சேர்த்துவிடறேன்னு யாராவது சொன்னா போனை வெச்சுடுங்க.

பத்தாயிரம் கட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. டெப் தளத்துல அந்தப் பல்கலைக்கழகம், "எம்பிஏ"ங்கற படிப்பு, ஆன்லைன்ங்கற முறை, நீங்க சேரப்போற அதே அமர்வு, நாலும் ஒரே வரியில இருக்கணும். போன வருஷம் அனுமதி இருந்துச்சுங்கறது இந்த வருஷத்துக்கு உதவாது. ரெண்டாவது, பணம் போற கணக்கு பல்கலைக்கழகம் பேர்ல இருக்கணும். மூணாவது, பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தா உஷார். அங்கீகாரம் உள்ள பட்டப்படிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஜிஎஸ்டி போட்டிருந்தா நீங்க கட்டறது பட்டத்துக்கு இல்ல, வேற ஏதோ "சேவை"க்கு.

"நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு ஓடிபி கேட்டா அது கடன் ஒப்பந்தம். படிப்பை விட்டாலும் கடன் நிக்கும், சிபில்ல ஏறும்.

---

ஒரகடம்_பி_ஷிஃப்ட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஓடிபி இன்னும் சொல்லவில்லை, தப்பித்தேன். இரண்டு சந்தேகம். வாரத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஆன்லைனில் தேர்வு என்றால் கம்பெனி லேப்டாப் போதுமா? கட்டணத்துக்கு வரிச் சலுகை உண்டா?

(இரண்டு என்று சொல்லி மூன்று கேட்டுவிட்டேன்.)

---

தாம்பரம்_தபால் எழுதியது:

நேரத்தைக் கணக்காகவே போட்டுவிடலாம். தொலைநிலையில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. இக்னோ எம்பிஏ 116 கிரெடிட். பெருக்கினால் 3,480 மணி. இரண்டு ஆண்டில், அதாவது 104 வாரத்தில் முடிக்க வாரம் சுமார் 33 மணி. காகிதக் கணக்கு அது, நடைமுறையில் குறைவாகவே படிப்பார்கள் என்று வைத்தாலும் இரவு ஷிஃப்ட் வாரத்தில் அதில் பாதிகூட நடக்காது. மூன்று ஆண்டு என்று இப்போதே திட்டமிடுங்கள். செமஸ்டருக்கு எல்லாத் தாளுக்கும் அசைன்மென்ட் எழுதிவிட்டு, தேர்வில் நான்கைந்து தாள் மட்டும் எடுத்து மீதியை அடுத்த சுற்றுக்குத் தள்ளலாம்.

இக்னோவில் வழுக்கும் இடங்கள் மூன்று. அடுத்த செமஸ்டருக்கு நாமே மறுபதிவு செய்து பணம் கட்ட வேண்டும், தானாக ஏறாது. தேதி தவறினால் ஆறு மாதம் காலி. அசைன்மென்ட் 30 சதவீதம், தேர்வு 70. அசைன்மென்டை உரிய தேதிக்குள் தராவிட்டால், தேர்வு எழுதியிருந்தாலும் அந்தத் தாள் முடிந்ததாகக் காட்டாது. கையில் கொடுத்தால் முத்திரையோடு ரசீது வாங்கி போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாவது, கடைசி செமஸ்டரின் புராஜெக்ட். முன்மொழிவை அனுப்பி ஒப்புதல் வந்த பிறகுதான் அறிக்கை எழுதத் தொடங்கலாம், வழிகாட்டிக்கும் தகுதி விதி உண்டு. மற்றெல்லாத் தாளும் முடித்துவிட்டு இதில் ஒரு வருடம் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. குவாலிட்டி பிரிவில் இருக்கிறீர்கள், ரிஜெக்‌ஷன் செலவு, சப்ளையர் மதிப்பீடு மாதிரி கைக்கு எட்டும் தலைப்பை மூன்றாம் செமஸ்டரிலேயே முடிவு செய்யுங்கள். கம்பெனித் தரவைப் பயன்படுத்த மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும்.

கம்பெனி லேப்டாப்: வேண்டாம். வீட்டிலிருந்து எழுதும் ஆன்லைன் தேர்வுகளில் கண்காணிப்பு மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். கம்பெனி லேப்டாப்பில் அட்மின் அனுமதி இருக்காது, நிறுவவே விடாது. நிறுவினாலும் விபிஎன், ரிமோட் சாஃப்ட்வேர் பின்னணியில் ஓடுவதைப் பார்த்து இடையிலேயே வெளியேற்றிவிடும். கேமரா உள்ள சொந்த லேப்டாப், மாற்று இணையத்துக்கு ஒரு போன், மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ். மாதிரித் தேர்வு வைத்தால் தவறாமல் எழுதுங்கள், தேர்வு எழுதப்போகும் அதே அறையில், அதே நேரத்தில். சில பல்கலைக்கழகங்கள் தேர்வை மையத்தில்தான் வைக்கும், சேரும் முன்பே எந்த ஊரில் மையம் என்று கேளுங்கள்.

---

கணக்குப்பிள்ளை_கும்பகோணம் எழுதியது:

வரி: சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு நேரடிக் கழிவு கிடையாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் வருவது பிள்ளைகளின் டியூஷன் கட்டணம் மட்டும். கல்விக் கடன் வாங்கினால் வட்டிக்குக் கழிவு உண்டு (அதே சட்டத்தில் 80இ), அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான், எட்டு ஆண்டு வரை. கடன் வங்கியிடமோ அதற்கென அறிவிக்கப்பட்ட நிதி நிறுவனத்திடமோ வாங்கியிருக்க வேண்டும். மேலே மணி சொன்ன இஎம்ஐ கம்பெனி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இக்னோ கட்டணம் செமஸ்டர் செமஸ்டராகத்தானே, கடனே தேவைப்படாது. அதைவிட உங்கள் எச்ஆரிடம் கல்வி உதவித் திட்டம் இருக்கிறதா என்று சேரும் முன் கேளுங்கள். முன் அனுமதிக் கடிதம் இல்லாமல் பிறகு ரசீதைக் காட்டினால் தரமாட்டார்கள். தந்தால் எத்தனை ஆண்டு வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தமும் கூடவே வரும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

---

சான்றிதழ்_சங்கர் எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. சேர்க்கைக் கடைசித் தேதியை யுஜிசி ஒவ்வொரு அமர்விலும் நீட்டிக்கிறது என்று நம்பி உட்காராதீர்கள். ஆதார் திருத்தம் எத்தனை நாளில் முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது. திருத்தம் முடிந்ததும் டிஜிலாக்கரில் ஆதாரைப் புதுப்பித்து, ஏபிசி பக்கத்தில் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே டெப் பதிவுக்குப் போங்கள்.